விரிவுரையாளரை உருவாக்குவது எப்படி? ஒரு நூலும் சில கேள்விகளும்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிலப்படம் காட்டிக் கற்பிக்கப் போகிறவனிடம் நாடு பயிற்சிச் சான்றிதழைக் கேட்கிறது. கற்பித்தலியல், கல்வி உளவியல், மதிப்பீடு என்று பல பாடங்களை அவன் படித்துத் தேறவேண்டும். மேற்பார்வையாளர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்க, அவர் முன்னிலையில் வியர்த்து நின்று பாடம் நடத்திக் காட்டவேண்டும். பல்கலைக்கழக வாயிலைத் தாண்டியதும் இந்த நியாயம் தலைகீழாகி விடுகிறது. பனிக்கட்டியாறு ஒன்றின் நகர்வை ஐந்தாண்டுக் காலம் அளந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர், இருநூறு மாணவர் நிறைந்த மண்டபத்தில் நின்று பேசவும், அவர்தம் விடைத்தாள்களை நிறுக்கவும், அவர்களின் ஐயங்களுக்கு முகங்கொடுக்கவும் இயல்பாகவே வல்லவராகிவிட்டார் என்பது உலகெங்கும் நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தகுதிகாண் நிலை விரிவுரையாளர்கள் கற்பித்தற் பயிற்சிநெறி ஒன்றை முடிக்கவேண்டும் என்ற நியதி மிகவும் பிந்தி வந்ததே. அறிவுடையோன் கற்பிக்கவும் அறிவான் என்ற அந்த நம்பிக்கையை ஆராய்ந்து பார்க்கப் பலர் துணியவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் புவியியலாளர் சிலர் துணிந்தனர். அவர்களுடைய முயற்சியின் பயனாக 2009ஆம் ஆண்டில் வெளிவந்த 'அஸ்பயரிங் அகடமிக்ஸ்' என்னும் நூலையும், அதன் உடன்பிறப்பாகிய 'டீச்சிங் கொலிஜ் ஜியோகிரபி' என்னும் நூலையும் முன்வைத்துச் சில கருத்துகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். முதல் நூலின் பதிப்பாசிரியர்கள் மைக்கல் சோலெம், கெனத் ஃபுட், ஜானிஸ் மங்க் ஆகிய மூவர். பட்டமேற்படிப்பு மாணவருக்கும் பதவியேற்றுச் சில ஆண்டுகளே ஆன விரிவுரையாளருக்கும் உரியது என்று நூலின் முகப்பே கூறுகிறது. தமிழ் படித்துத் தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு இங்கென்ன வேலை என்று வாசகர் வினவலாம். ஆசிரியன் எவ்வாறு ஆக்கப்படுகிறான் என்ற வினா எந்த ஒரு பாடத்துக்கும் தனியுரிமை ஆகாது. அன்றியும், புவியியலாளர் வகுத்துக் காட்டியதுபோல் இவ்விடயத்தைத் தமிழ்த்துறையினர் எவரும் வகுத்துக் காட்டியதாக நான் கண்டதில்லை.

முதலில் நூலின் பின்னணியைச் சொல்லிவிடல் வேண்டும். 2002ஆம் ஆண்டில், தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் நிதியுதவியோடு, புவியியல் விரிவுரையாளர் மேம்பாட்டுக் கூட்டணி என்ற பெயரில் ஓர் அமைப்புத் தோன்றிற்று. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் கோடைதோறும் ஒரு வாரப் பட்டறைகளை அது நடத்தியது. பல மாநிலங்களிலிருந்தும் புதிய விரிவுரையாளர்கள் அங்கே கூடினர். பாடத்திட்டம் வகுப்பது எப்படி, வாய்மூடி இருக்கும் வகுப்பைப் பேசவைப்பது எப்படி, ஆய்வுக்குப் பணம் கேட்டு விண்ணப்பிப்பது எப்படி, கட்டுரைகளை வெளியிடுவது எப்படி, இவற்றிடையே சொந்த வாழ்க்கையை இழந்துவிடாதிருப்பது எப்படி என்று ஒருவரோடொருவர் பேசிக் கற்றனர். இப்புதியவர்களின் கவலைகளையும் மனப்பாங்கையும் ஆற்றல்களையும் ஆராய்ந்து சோலெமும் ஃபுட்டும் எழுதிய கட்டுரை 2004இல் அமெரிக்கப் புவியியலாளர் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. நூல்கள் இரண்டும் இவ்வனுபவத்தில் முளைத்தவை. ஆதலால் ஏட்டுச் சுரைக்காய் என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. வகுப்பறையிற் பட்டவர்கள், பட்டவர்களுக்காக எழுதிய நூல்கள் இவை.

நூலில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் நேர்மை. நேரம் போதாமை, சக ஆசிரியரோடு பழகுதல், தொழிலையும் குடும்பத்தையும் ஒருங்கே சுமத்தல், நிரந்தரப் பதவி பெறல், ஆய்வில் அறம், மானிய விண்ணப்பம், மாணவர்க்கு ஆலோசனை கூறல் என்று அது எடுத்துக்கொள்ளும் விடயங்கள், அறிஞர்கள் வெளிப்படையாகப் பேசக் கூசும் விடயங்களாகும். ஆராய்ச்சி முடிவுகளைப் பற்றி மேடையேறி முழங்குவோர் பலர். நாளைய பாடத்துக்கு எத்தனை மணி நேரம் ஆயத்தம் செய்தேன், எத்தனை மணி நேரம் அது வீணாயிற்று என்று வாய் திறப்போர் எங்கே இருக்கிறார்கள்? கோப்பைத் தேநீரோடு தனி அறைகளில் மட்டும் முணுமுணுக்கப்படும் செய்திகளை இந்நூல் அச்சேற்றியிருக்கிறது. றொபேட் பொய்ஸ் என்னும் உளவியலாளர் 1992இலும் 2000ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்களில், புதிய விரிவுரையாளர்கள் பாடக் குறிப்புகளைத் தேவைக்கு மீறித் திரட்டுவதையும், எழுத்து வேலையை நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்யாமல் பெரிய ஓய்வொன்று வருமென்று ஒத்திப்போடுவதையும் எடுத்துக்காட்டியிருந்தார். அவர் எல்லாத் துறைகளுக்கும் பொதுவாகச் சொன்ன வகையிலான அறிவுரையைப் புவியியல் என்ற ஒரு துறையின் கூரையின்கீழ்க் கொண்டுவந்தது இவர்கள் செய்த பணி.

இது சிறு பணியன்று. ஏனெனில் எழுதப்படாத விதிகள் எப்போதும் யாரோ ஒரு சாராருக்கே உதவுகின்றன. தந்தை பேராசிரியராயிருந்த வீட்டில் வளர்ந்தவனுக்குத் துறைத்தலைவரோடு எப்படிப் பேசுவது, எந்தக் குழுவில் இருக்க ஒப்புவது, எதிலிருந்து நழுவுவது என்பனவெல்லாம் சோற்றோடு ஊட்டப்பட்டு விடுகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் கண்ட தொழிலாளியின் மகளுக்கு அவற்றை ஊட்டுவார் யார்? அவள் இடறி விழுந்த பின்னரே அங்கே ஒரு படி இருந்ததென்று அறிகிறாள். மறைவாயிருந்த விதிகளை எழுதிப் பொதுவில் வைப்பது, கருவூலத்தின் திறவுகோலைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பானது. நூலின் பதிப்பாசிரியர்களுள் ஒருவராகிய மங்க் அம்மையார் இதனைப் பிறரினும் நன்கு அறிந்தவர். மானிடப் புவியியல் மானிடரில் பாதிப்பேரை விலக்கியே மானிடத்தைப் பற்றிப் பேசிவந்தது என்பதை சூசன் ஹான்சனோடு சேர்ந்து 1982இல் எழுதிய கட்டுரையில் காட்டியவர் அவர். அதற்கு ஒன்பதாண்டுகளுக்கு முன், 1973இல், வில்பர் செலின்ஸ்கி என்பார் பெண் புவியியலாளர்கள் எங்கே காணாமற்போயினர் என்று கேட்டுக் கட்டுரை எழுதவேண்டியிருந்தது. கறுப்பின மக்களின் நிலையோ இன்னும் மோசம். 1904இல் தோன்றிய அமெரிக்கப் புவியியலாளர் சங்கத்துக்குக் கறுப்பினத்தவர் ஒருவர், ஹரல்ட் றோஸ், முதன்முதலாகத் தலைவராக 1976ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. இத்தகைய வரலாறுடைய ஒரு துறையில் கைந்நூல் எழுதுவதும் சமுதாயச் செயலேயாம்.

இவ்வளவு பாராட்டிய பின்னும் நூலை மூடி வைக்கும்போது மனத்தில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது.

நம் மரபிலே ஆசிரியனைப் பற்றிய இலக்கணம் ஒன்று உண்டு. நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை காட்டும். புவியியலாளர் மகிழ்வதற்கு, முதலில் நிற்பது நிலம். ஆழ அகலம் காண அரியது, எவ்வளவு சுமையையும் பொறுப்பது, உழுபவன் முயற்சிக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பயன் தருவது என்பன அதன் குணங்கள். ஆசிரியன் எத்தகையவனாய் இருக்கவேண்டும் என்று பவணந்தியார் கூறினார். அவன் எதைத் தின்று உயிர் வாழ்வான், அவனை வேலையிலிருந்து நீக்க யாருக்கு அதிகாரம் உண்டு என்று அவர் கூறவில்லை. அது அவர் காலத்தின் எல்லை. அமெரிக்க நூலோ நேர்மாறு. பதவியைப் பெறுவதும் காப்பதும் உயர்த்துவதும் அதன் உயிர்நாடி. எதற்காக அப்பதவி என்ற கேள்வி ஆங்காங்கே தலைகாட்டுகிறதே தவிர நூலின் நடுவில் உட்காரவில்லை. காலத்தைத் திட்டமிடு, இலக்கை வகு, தொடர்புகளை வளர், உன் சாதனைகளைக் கோவைப்படுத்து என்று பக்கம் பக்கமாகச் செல்லும் அறிவுரையில் வணிகன் ஏட்டின் வாடை வீசுகிறது. விரிவுரையாளன் தன்னைத்தானே சந்தைக்குக் கொண்டுபோகும் ஒரு சிறு வியாபாரியாகத் தோற்றமளிக்கிறான். அவன் துன்பங்கள் யாவும் அவனுடைய பழக்கங்களின் பிழைகளாகி விடுகின்றன. பழக்கத்தைத் திருத்தினால் துன்பம் தீரும் என்றாகிறது.

உண்மையில் அவனுடைய துன்பத்தின் பெரும்பகுதி அவன் பழக்கத்தில் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1940இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, ஏழாண்டுக்கு மேற்படாத தகுதிகாண் காலத்தின் பின் ஆசிரியனுக்கு நிரந்தரப் பதவி வழங்கப்படவேண்டும் என்று விதித்தது. ஆளுவோருக்கும் பணம் கொடுப்போருக்கும் அஞ்சாமல் உண்மையைச் சொல்வதற்கு அதுவே காப்பு என்பது அதன் உட்கருத்து. அக்காப்பு இன்று யாருக்கு இருக்கிறது? அதே சங்கம் தரும் கணக்கின்படி, 1987இல் அந்நாட்டு உயர்கல்வி ஆசிரியரில் ஏறத்தாழ 47 வீதத்தினர் நிரந்தரத்துக்கு வழியில்லாத நியமனங்களில் இருந்தனர். 2021இல் அத்தொகை 68 வீதமாயிற்று. மூவரில் இருவர்! தவணைக்குத் தவணை ஒப்பந்தம், பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி, அடுத்த தவணையில் வேலையுண்டோ இல்லையோ என்ற அச்சம் என்பதே அவர்களுள் மிகப் பலரின் வாழ்க்கை. ஒரே நாளில் இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் காரோட்டிச் சென்று பாடம் நடத்துவோரும் அவர்களுள் உளர். 'அஸ்பயரிங் அகடமிக்ஸ்' தலையாயதாக விளித்துப் பேசுவது நிரந்தரப் பதவிக்குச் செல்லும் ஏணியில் ஏற்கெனவே ஒரு காலை வைத்துவிட்டவரை. ஏணியே எட்டாத பெரும்பான்மையினருக்கு, நேரத்தைத் திட்டமிடுக என்ற உபதேசத்தால் ஆவதென்ன? அவர்களின் நேரம் அவர்களுக்குச் சொந்தமாயிருந்தாலன்றோ திட்டமிடுவது!

நன்னூலார் ஆகாத ஆசிரியருக்குக் கூறிய உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. நீர் வார்த்தவன் ஒருவன். மரமோ வளைந்துபோய் அயலான் வளவில் காய் உதிர்க்கும். தன்னைப் பேணிய மாணவனை விடுத்துப் பிறனுக்குக் கற்பிக்கும் ஆசிரியனை இகழ அவர் இதனைக் கூறினார். இன்றைய நிலையில் உவமையைத் திருப்பிப் போடத் தோன்றுகிறது. வகுப்பறைக்கு நீர் வார்க்கிறவர் ஒப்பந்த விரிவுரையாளர். காய் விழுவது நிறுவனத்தின் வளவில்.

இங்கே பதிப்பாசிரியர்களுக்கு நியாயம் செய்யவேண்டும். விரிவுரையாளரின் வேலை நிலைமையை மாற்றுவது ஒரு பட்டறையின் கையில் இல்லை. கடலில் விழுந்தவனுக்கு நீந்தக் கற்பிக்கிறவனைப் பார்த்து, கப்பல் ஏன் உடைந்தது என்று நீ கேட்கவில்லையே எனச் சாடுவது எளிது. ஆயினும் நீச்சல் கற்பிப்போர் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் கரையில் நிற்போரும் விழித்துக்கொள்வர். புவியியல் துறையின் கப்பல்கள் அந்நாட்டில் உடைந்த கதையோ சாதாரணமானதன்று.

1948இல் ஹாவாட் பல்கலைக்கழகம் தன் புவியியற் கல்வியை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன் தலைவர் ஜேம்ஸ் கொனன்ட், புவியியல் பல்கலைக்கழகத்துக்குரிய பாடமன்று என்று கருதினார். அச்சம்பவம் எங்கிருந்து தொடங்கிற்று என்பதே நமக்கு முக்கியம். எட்வேட் ஆக்கர்மன் என்ற இளம் புவியியலாளருக்குப் பதவியுயர்வு கொடுப்பதா, இல்லையா என்ற வினாவில் அது தொடங்கிற்று! ஒரு தொடக்கநிலை ஆசிரியனுடைய கோப்பு, ஒரு துறையின் மரணச் சான்றிதழாக மாறிற்று. நீல் சிமித் 1987இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இவ்வரலாற்றை விரித்துரைத்திருக்கிறார். நிறுவனத்துக்குள் நடந்த அதிகாரப் போட்டி, துறைசார் மூத்தோரின் தயக்கம், தனிமனிதர் வாழ்க்கை பற்றிய காழ்ப்பு, புவியியல் என்றால் என்ன என்று தெளிவாகச் சொல்ல அத்துறையினரே திணறியமை ஆகிய யாவும் அங்கே பின்னிக் கிடக்கின்றன. 1980களில் மிச்சிகன், கொலம்பியா, நோத்வெஸ்டேண் போன்ற பல்கலைக்கழகங்களிலும் புவியியல் துறைகள் மூடப்பட்டன. இத்தகைய வேளைகளில், காலத்தைச் சிறப்பாகத் திட்டமிட்டவரும் திட்டமிடாதவரும் ஒரே கதவால் வெளியேறினர். ஆக, தனியொருவனின் திறமை அவனைக் காக்கும் என்பதற்கு எல்லையுண்டு. துறையைக் காக்கும் கூட்டுணர்வையும் விரிவுரையாளன் முதலாண்டிலேயே கற்கவேண்டும். சக ஆசிரியர் உறவைப் பற்றி இந்நூல் பேசும்போது இக்கருத்துக்கு மிக அருகே வருகிறது. வந்து, நயமாகப் பழகுதல் என்ற அளவில் நின்றுவிடுகிறது.

கைந்நூல் எதுவும் விளக்க விரும்பாத ஒருவரின் கதையை இந்நூலின் அருகே வைத்துப் பார்க்கலாம். வில்லியம் பங்கி 1962இல் எழுதிய கோட்பாட்டுப் புவியியல் நூல், அத்துறையைக் கணிதத்தின் வழியில் திருப்பியவற்றுள் ஒன்று. மேலும் இரண்டு கட்டுரைகளை அதே தடத்தில் எழுதிக்கொண்டிருந்தால் அவருடைய வாழ்வு சிறந்திருக்கும். டிற்றொயிற் நகரிலுள்ள வேய்ன் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தபோது அவர் தம் வீட்டுக்கு அயலிலிருந்த ஃபிற்ஸ்ஜெரல்ட் என்னும் பகுதியைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளையர் வெளியேறிக் கறுப்பின மக்கள் குடிபுகுந்துகொண்டிருந்த பகுதி அது. குவென்டொலின் வாரன் என்ற கறுப்பின இளம் பெண்ணோடு சேர்ந்து, 1960களின் இறுதியில், டிற்றொயிற் புவியியற் பயணம் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். முற்காலத்தில் புவியியலாளர் ஆபிரிக்காவுக்கும் துருவங்களுக்கும் பயணம் போயினர்; இவர்கள் தம் ஊரின் சேரித் தெருக்களுக்குப் பயணம் போயினர். சேரி மக்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகப் பாடங்களை இலவசமாகக் கற்பித்தனர். அப்பிள்ளைகளையே அளவையாளர்களாகவும் படவரைஞர்களாகவும் ஆக்கினர். புறநகரிலிருந்து வேலைக்கு விரையும் வெள்ளையரின் கார்கள் கறுப்பினச் சிறுவர்களை மோதிய இடங்களைக் குறித்து அவர்கள் வெளியிட்ட நிலப்படம் இன்றளவும் பேசப்படுகிறது. புள்ளிகள் சில, தெருக்கள் சில, அவ்வளவுதான். ஆனால் அப்படத்தைப் பார்த்தபின் விபத்து என்ற சொல்லைப் பழையபடி உச்சரிக்க இயலாது.

1971இல் பங்கியின் 'ஃபிற்ஸ்ஜெரல்ட்' நூல் வெளிவருமுன்னரே அவர் அப்பல்கலைக்கழகப் பதவியை இழந்துவிட்டார். பின்னர் கனடாவில் சில காலம் கற்பித்தார். தொறன்ரோ நகரில் வாடகைக் கார் ஓட்டினார். 2013இல் காலமானார். அவர் குணத்தில் முரட்டுத்தனம் இருந்தது, சக ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்வோர் உண்டு, இருக்கலாம். ஆனால் இந்நூலின் அளவுகோல்களைக் கொண்டு அளந்தால், பங்கி தோல்வியுற்ற விரிவுரையாளருக்கு உதாரணமாவார். நேர ஒழுங்கு இல்லை, உறவாடல் இல்லை, பதவி உறுதியில்லை. புவியியலின் அளவுகோலைக் கொண்டு அளந்தால், 2011இல் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய நூலை மீண்டும் அச்சிட்டது. நாற்பதாண்டுகளுக்குப் பின்! எந்த அளவுகோல் பொய் என்று ஒருதலையாகச் சொல்ல நான் வரவில்லை. இரண்டு அளவுகோல்களும் ஒன்றே என்று புதிய விரிவுரையாளனை நம்பவைப்பது தவறு என்பதே என் வாதம். மனச்சாட்சிக்கும் பதவிக்கும் முரண் வரும் நாள் ஒன்று உண்டு என்பதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். அந்நாளில் அவனுக்குத் துணையாகச் சங்கம் ஒன்று இருக்கவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். ஆய்வில் அறத்தைப் பற்றிப் பேச இடம் கொடுத்த நூலுக்கு இது பாரமாகியிராது.

இன்னொரு செய்தியும் உண்டு. பட்டறை நடந்த போல்டர் நகர் றொக்கி மலையடிவாரத்தில் அமைந்தது. அழகிய இடம். அங்குள்ள பல்கலைக்கழகம் 1876இல் நிறுவப்பட்டது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1864 நவம்பர் 29ஆம் தேதி, அம்மாநிலத்தின் கிழக்குச் சமவெளியில் சாண்ட் கிறீக் என்ற ஓடைக்கரையில், சமாதானம் நாடிக் கூடாரமிட்டிருந்த செயென், அரப்பகோ பழங்குடி மக்களுள் இருநூற்றுக்கு மேற்பட்டோரைப் படையினர் கொன்றனர். கொல்லப்பட்டோரில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும் முதியோரும். அப்படையில் போல்டர் பகுதியில் திரட்டப்பட்ட அணியொன்றும் இருந்தது. அதற்குத் தலைமை தாங்கிய டேவிட் நிக்கல்ஸ் என்பவரின் பெயரைப் பல்கலைக்கழகம் பின்னாளில் மாணவர் விடுதியொன்றுக்குச் சூட்டிற்று. மாணவரும் பழங்குடி மக்களும் போராடிய பின்னரே, 1989இல், அவ்விடுதி செயென் அரப்பகோ மண்டபம் ஆயிற்று.

இதனை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பட்டறையின் தூணாக நின்ற கெனத் ஃபுட், 'ஷடோட் கிறவுண்ட்' என்ற சிறந்த நூலின் ஆசிரியர். 1997இல் வெளிவந்த அந்நூல், அமெரிக்கர் தம் மண்ணில் நடந்த கொலைகளும் பேரிடர்களும் நிகழ்ந்த இடங்களை என்ன செய்கின்றனர் என்று ஆராய்கிறது. சில இடங்களைப் புனிதமாக்குகின்றனர். சிலவற்றில் ஒரு பலகையை மட்டும் நடுகின்றனர். சிலவற்றைத் துப்புரவாக்கி மீண்டும் அன்றாடப் பயன்பாட்டுக்கு விடுகின்றனர். சிலவற்றை அடையாளமே தெரியாமல் அழித்துவிடுகின்றனர். எந்த இடத்துக்கு எது நேர்கிறது என்பதில் அச்சமுதாயத்தின் மனச்சாட்சி வெளிப்படுகிறது என்பது அவர் காட்டும் உண்மை. போர்க்களங்களும் படுகொலைத் தலங்களும் உள்ள எந்த நாட்டினரும், நம்மையும் உள்ளிட்டு, வாசிக்கவேண்டிய நூல் அது. இத்தகைய கண்ணுடைய ஒருவர் தம் மாணாக்கராகிய இளம் விரிவுரையாளரை அழைத்து, நீங்கள் நிற்கும் பல்கலைக்கழகம் என்ற இந்த இடத்தையே முதலில் வாசியுங்கள் என்று சொல்லியிருந்தால் எத்துணை சிறந்த தொடக்கவுரையாக அமைந்திருக்கும்!

போல்டர் ஒன்றுக்கு மட்டும் இது பொருந்துவதன்று. 1862இல் நிறைவேறிய மொறில் சட்டம் மாநிலங்களுக்கு நிலம் வழங்கி, அதனை விற்ற பணத்தில் கல்லூரிகளை எழுப்பச் செய்தது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வியைத் திறந்துவிட்ட முற்போக்கான சட்டம் அது என்பதில் ஐயமில்லை. அந்நிலம் யாருடையது? 2020இல் 'ஹை கன்றி நியூஸ்' ஏடு வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 250 பழங்குடிச் சமூகங்களிடமிருந்து பெறப்பட்ட ஒரு கோடியே ஏழு இலட்சம் ஏக்கர் நிலம் 52 பல்கலைக்கழகங்களுக்கு முதலாகியது என்று துண்டு துண்டாக வரைந்து காட்டிற்று. விஸ்கொன்சின், மினசோட்டா, பென்சில்வேனியா முதலிய புகழ்பெற்ற புவியியற்றுறைகள் இவ்வகைப் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. ஏக்கர்க் கணக்கும் எல்லைக் கோடும் புவியியலாளனின் கைக்கருவிகள். அவற்றை எடுத்து இக்கணக்கைப் பெரும்பொதுமக்கள் முன் வைத்த முயற்சி பத்திரிகை ஒன்றின் பெயரால் வெளிவந்தது என்பதைப் புவியியலாளர் நினைத்துப் பார்க்கவேண்டும்.

உடன்பிறப்பு நூலாகிய 'டீச்சிங் கொலிஜ் ஜியோகிரபி' பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வகுப்பறைக்குள் நேரே இறங்கும் நூல் அது. விரிவுரையை மட்டும் நம்பாமல் மாணவரைச் செயலில் ஈடுபடுத்தல், பாடநெறியை முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வகுத்துவருதல், களப்பயணம், மதிப்பிடல் போன்றவை நம் பாடசாலைகளில் உயர்தர வகுப்பு நடத்துவோருக்கும் பயன்படும். களப்பயணம் என்றாலே பேருந்து பிடித்துச் சுற்றுலா போவது என்று எண்ணும் அதிபர்கள் பலர்; அவர்களின் மேசையில் அந்நூலை வைத்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்குண்டு. உடன்பிறப்புகளுள் அது மூத்ததைவிட மண்ணுக்கு நெருக்கமானது. பதவியைப் பற்றிய கவலையை மறந்து மாணவன் முகத்தைப் பார்க்கும்போது இவ்வாசிரியர்களின் எழுத்தும் தெளிவடைகிறது.

இதே மூவரும் சேர்ந்து பதிப்பித்த மூன்றாம் நூல் 'பிறக்டிசிங் ஜியோகிரபி'. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, அரசாங்கப் பணிமனைகளிலும் தொழிலகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் புவியியல் படித்தவருக்கு என்ன வேலை உண்டு என்பதை அது விளக்குகிறது. சமுதாயம் என்ற சொல்லும் சூழல் என்ற சொல்லும் அந்நூலின் துணைத்தலைப்பிலேயே இடம்பெற்றுள்ளன. விரிவுரையாளருக்கான நூலில் அச்சொற்கள் முகப்புக்கு வரவில்லை. அந்நூலை மீண்டும் பதிப்பிக்கும் எண்ணம் பதிப்பாசிரியர்களுக்கு இருக்குமாயின், ஓர் அதிகாரத்தை ஒப்பந்த விரிவுரையாளர் ஒருவரைக் கொண்டும், இன்னோர் அதிகாரத்தைத் துறை மூடப்பட்டபோது வெளியேற்றப்பட்ட ஒருவரைக் கொண்டும் எழுதுவிக்க வேண்டுகிறேன். முன்னவருக்கு எழுத்துக்கூலியும் கொடுக்கவேண்டும். அவருடைய மாதச் சம்பளத்தில் அந்த மணிநேரங்கள் அடங்கா.